வேறு வாரிசுகள் எவரும் இல்லை

தம்பி,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல்தான் தமிழரசியிடம் கொடுத்திருக்கிறேன். அவள் படித்துவிட்டு அனுப்பட்டும், படிக்காமல் அனுப்பட்டும், அவள் இஷ்டம். அவளுக்குத் தெரியாமல் உனக்கு எழுத என்னிடம் இனி ஒன்றும் இல்லை. உன் முகவரி அவளிடம் இருக்கிறது, பெற்ற என்னிடம் இல்லை. கேட்டுப் பார்த்தேன். "அண்ணன் குடுக்க வேணாம்னு சொல்லியிருக்காங்க, மேடம்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். உன் அப்பாவுக்குத் திருமானூரில் பிறந்த மகள், உனக்குத் தங்கை, என்னை மேடம் என்கிறாள். கிராம நிர்வாக அலுவலராக இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன், ஊரெல்லாம் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டது, அப்போதெல்லாம் காதுக்கு இனிப்பாகவே இருந்தது. அவள் வாயால் கேட்டபோதுதான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அப்படிக் கூப்பிட வைத்ததும் நான்தான்.

நீ என்னோடு பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் வெளிநாட்டுக்கு ஆராய்ச்சி வேலைக்குப் போகிறாய், மூன்று வருஷம் கழித்துத்தான் திரும்புவாய் என்பதும் தமிழரசி சொல்லித்தான் தெரியும். கேட்டதிலிருந்து உட்கார்ந்தால் உட்காரப் பிடிக்கவில்லை, நின்றால் நிற்கப் பிடிக்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறேன், பொங்கி வழிந்து தீய்ந்த நாற்றம் வந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருக்கிற அறுபத்திரண்டு வயதுக்காரிக்கு மூன்று வருஷம் என்பது எவ்வளவு நீளம் என்று உனக்கே தெரியும். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. மிரட்ட எனக்குத் தெம்பில்லை, கெஞ்சத்தான் எழுதுகிறேன். ஆனால் கெஞ்சுவதற்கு முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் நீ இரண்டாவது பக்கம் திருப்பமாட்டாய், உன் குணம் எனக்குத் தெரியும், அது என் குணம்தான்.

கடைசியாக நீ வந்திருந்தபோது மக்காச்சோளம் உதிர்த்து வாசலில் காயப் போட்டிருந்தது. நீ என்ன படிக்கிறாய் என்று ஊரில் யார் கேட்டாலும் "எம் மவன் ராக்கெட் வுடுறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "ராக்கெட்டெல்லாம் இல்லம்மா, இப்படி உக்காரு, சொல்றேன்" என்று என்னைச் சோளத்துக்குப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாய். "இந்த மணி ஒவ்வொன்னும் கரும்பொருள்னு வச்சுக்க. கண்ணுக்குத் தெரியாது, எடை மட்டும் உண்டு. கம்ப்யூட்டருக்குள்ள கோடிக்கணக்குல போட்டு, ஒன்ன ஒன்னு இழுத்துக்கங்கன்னு விட்டுருவோம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு நம்பர் உண்டு, அது கடைசி வரைக்கும் மாறாது" என்றாய். பேசிக்கொண்டே கையால் கூட்டிக் கூட்டிச் சின்னதும் பெரிதுமாகக் குவியல் வைத்தாய். அந்த மாதிரிக் குவியலின் நடுவில்தான் கேலக்ஸி பிறக்கும் என்றாய். "முழுசையும் சினிமா மாதிரி வச்சுக்க எடம் பத்தாது. அங்கங்க நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்குவோம். ஒவ்வொரு போட்டோலயும் எங்கெங்க குவியல் இருக்குன்னு பட்டியல் எடுப்போம். அப்பறம் இந்தக் குவியல் அடுத்த போட்டோல எதுவா ஆச்சுன்னு நம்பர வச்சுக் கோடு போடணும். இதோட மணிங்க எதுக்குள்ள போயிருக்கோ, அதுதான் இதுக்கு வாரிசு."

வாரிசு என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அடப்பாவி, இது எங்க வேலையாச்சே. அப்ப நீ வானத்துக்கு வி.ஏ.ஓ.வா?" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எத்தனை நாள் கழித்து அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு! அப்புறம் ஒரு குச்சியால் மண்ணில் மரம் வரைந்து காட்டினாய். நாங்கள் ஆபீசில் எழுதுகிற வம்சாவளி ஒருவரில் தொடங்கிப் பலராக விரியும். உன் மரத்தில் பலர் சேர்ந்து சேர்ந்து கடைசியில் ஒருவராக நிற்கிறார்கள். பிரிவதே கிடையாதா என்று கேட்டேன். "பிரியாதும்மா, சேரத்தான் செய்யும். சின்னது பெருசுக்குள்ள போயிரும். ஓரத்து மணிங்க சிதறிப் போனாலும் நடுவுல இறுக்கமா இருக்கிறது லேசுல போகாது, அத வச்சுத்தான் ஆள அடையாளம் பிடிக்கிறது" என்றாய். இவ்வளவும் எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டது அதற்கப்புறம் நீ சொன்னதற்குத்தான்.

பெரிய குவியலின் நடுவே ஒரு சின்னக் குவியலைத் தள்ளினாய். "இப்ப இந்தப் போட்டோல சின்னது தனியாத் தெரியாது. பட்டியல் எடுக்கிறவன் ஆளக் காணோம்னு கோட்ட வெட்டிருவான். ஆனா அது சாகலம்மா, உள்ள பூந்து அந்தப் பக்கம் வந்துரும். அடுத்த போட்டோல பாத்தா, அப்பன் ஆத்தா இல்லாம, சின்ன வயசே இல்லாம, திடீர்னு வளந்த ஆளா ஒன்னு வந்து நிக்கும். அப்படி ஒன்னு நின்னுச்சுன்னா தப்பு அது மேல இல்ல, பட்டியல் எழுதுனவன் மேல." இதைச் சொல்லும்போது நீ சோளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய், என் முகத்தைப் பார்க்கவில்லை. உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டதோ, குத்திக் காட்டுகிறாயோ என்று ஒரு நிமிஷம் ஆடிப்போனேன். "அதுக்கு என்ன பண்ணுவோம்னா" என்று நீ தொடங்கியதும், "போதும் போதும், சோறு ஆறுது, எழுந்திரு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். நீ சொல்ல வந்ததை அன்றைக்குச் சொல்ல விட்டிருந்தால் என்று இந்தப் பதினான்கு மாதமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் பதிவுத் தபால் வந்தது. நான் கடைக்குப் போயிருந்தேன், நீதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய். திருமானூரைச் சேர்ந்த ஒரு பெண், பெரம்பலூரில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்திருக்கிறாள், தன் அப்பாவின் வாரிசுச் சான்றிதழில் தன் பெயர் விடுபட்டிருக்கிறது என்று. விசாரணைக்கு வரச் சொல்லி எனக்கு வந்த தாள் அது. "யாரும்மா இது?" என்று கேட்டாய். நான் பையில் இருந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே, "யாரோ, எனக்குத் தெரியாது. செத்தவங்க பேரச் சொல்லிக்கிட்டு ஆயிரம் பேரு கெளம்பி வருவாளுங்க" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளைப் போல அவ்வளவு துணிச்சல் எனக்கு. நீ சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாய். சாயங்காலம் திருமானூரிலிருந்து திரும்பி வந்து, பையில் துணியை அடுக்கிக்கொண்டே ஒரே ஒரு வாக்கியம் சொன்னாய். "அவளுக்கு எங்கப்பா காதும்மா." அவ்வளவுதான், போய்விட்டாய்.

எனக்குத் தெரியாது என்றேனே, எனக்குப் பதினேழு வருஷமாகத் தெரியும். உனக்கு அப்போது பத்து வயது. உன் அப்பா ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்து குளிக்கப் போயிருந்தார். பைக்கின் பக்கப் பெட்டியில் சாவியைத் தேடிக் கை விட்டேன், ஒரு குழந்தைச் செருப்பு கிடைத்தது. ஒற்றைச் செருப்பு, சிவப்புக் கலர், வாரில் ஒட்டிய சேறு காய்ந்திருந்தது. நம் பக்கத்து மண் இல்லை, வயல் சேறு. மானாவாரிக் காட்டில் பிறந்தவளுக்கு நஞ்சைச் சேறு தெரியாதா? அதைத் துடைத்துச் சுத்தம் செய்து, இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாள் அது பெட்டியில் இல்லை. துடைத்து வைத்தது யார் என்று அவருக்கும் தெரிந்திருக்கும், அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியே இரண்டு பேரும் பதினோரு வருஷம் குடும்பம் நடத்தினோம். நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள், அவளிடம் கேட்க வேண்டியது எதுவாக இருந்தாலும் அன்றைக்கே கேட்டுவிடு, சட்டி பானை உடைந்தாலும் சரி. கேட்காமல் விழுங்கியது வயிற்றுக்குள்ளேயே கிடந்து ஊறி, ஒன்றுமறியாத யார் தலையிலோ போய் விழும்.

விழுந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் மாரடைப்பில் போனபோது, உடலை வீட்டில் கிடத்தியிருந்த அன்றைக்கு, மதியம் பஸ்ஸில் ஒரு பொம்பளையும் பதினான்கு வயதுப் பெண்ணும் வந்து இறங்கினார்கள். யார் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண் பள்ளிக்கூட உடுப்பில் இருந்தது, வகுப்பிலிருந்து அப்படியே கூட்டி வந்திருப்பாள் போல. தாயார் பின்வாங்கி நிற்க, அந்தப் பிள்ளைதான் என்னிடம் வந்து, "பெரியம்மா, ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறோம்" என்றது. அவர் அந்த வீட்டில் என்னைப் பற்றிப் பேசும்போது அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார், பெரியம்மா என்று. எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "யாருக்கு யாருடி பெரியம்மா? அந்தாண்ட போய் நில்லு" என்று எதிரில் இருந்த புங்க மரத்தைக் காட்டினேன். போய் நின்றார்கள். உடலைத் தூக்க நாலு மணி நேரம் ஆனது. நாலு மணி நேரமும் அங்கேயே நின்றார்கள். நீ கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த மரத்தைக் கடந்துதான் போனாய், தம்பி. தலையைக் குனிந்துகொண்டு போனாய், நீ பார்க்கவில்லை. அவள் உன்னைப் பார்த்திருக்கிறாள்.

அப்புறம் வாரிசுச் சான்றிதழ். அந்த வேலையில் நான் எப்பேர்ப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். குன்னம் பக்கத்தில் ஒரு ஊரில் அண்ணன் தம்பி மூன்று பேரும் சேர்ந்து, கட்டிக் கொடுத்த தங்கையை விட்டுவிட்டு மனு எழுதிக் கொண்டுவந்தபோது, "கூடப் பொறந்தவள வுட்டுட்டு எழுதித் தர நான் என்ன கேனச்சியா?" என்று தாளைத் திருப்பி எறிந்தவள். அதைப் பெருமையாக உன்னிடமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! என் வீட்டுக்கு விசாரணைக்கு வந்தவர் எனக்குத் தெரிந்தவர். "வேற யாரும் இல்லைல்ல மேடம்?" என்று கேட்டார். "யாரும் இல்ல சார், எழுதுங்க" என்றேன். மேடம் சொன்னால் பொய்யாக இருக்குமா? 'மேற்படி நபர்களைத் தவிர வேறு வாரிசுகள் எவரும் இல்லை' என்ற வரி வந்தது. அந்த வரியை என் கையாலேயே நூற்றுக்கணக்கான தாளில் எழுதியிருக்கிறேன். ஒருவர் வாழ்ந்ததையே இல்லாமல் ஆக்கக்கூடிய வரி அது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நிலத்துக்காகச் செய்யவில்லை, அந்த இரண்டு ஏக்கர் காட்டை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? பொறாமைதான். உயிரோடு இருந்தபோது பாதி ஆள்தான் எனக்குக் கிடைத்தார், செத்த பிறகாவது முழுசாக எனக்கே வேண்டும் என்று இருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று இன்னும் இருக்கிறது. நீ கோபித்துக்கொண்டு போன மூன்றாவது வாரம் அந்த மனுவின் மேல் விசாரணை வந்தது. நீ போன பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீ போனதற்கும் அவள்தான் காரணம் என்று இன்னும் வெறி பிடித்துப்போய், அப்படி ஒரு மகள் இருப்பதே எனக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவளுக்குப் பதில் போய்விட்டது. இதைத் தமிழரசி உன்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஏற்கனவே ஒங்க மேல கோவமா இருக்காங்க, நான் வேற எதுக்கு ஏத்தி வுடணும்" என்றாள். இருபது வயதுப் பெண்ணுக்கு இருக்கிற நிதானம் எனக்கு இல்லாமல் போய்விட்டது.

பத்து நாளைக்கு முன்னால்தான் திருமானூர் போனேன். அதற்கு முன்னால் ஒரு வருஷமும் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீ போனை எடுப்பாய் என்று காத்திருந்தேன். இன்டர்நெட்டில் நீ இங்கிலீஷில் பேசுகிற வீடியோ ஒன்று இருக்கிறது, உனக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் ஓடும், அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒரு இடத்தில் நீ தண்ணீர் குடிக்கிறாய். இளைத்திருக்கிறாய். கடைசியில் நீ எனக்குச் சொல்லாமல் விட்ட பாதியை யாரிடமாவது கேட்டே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது, அதற்காகத்தான் பஸ் ஏறினேன் என்று என்னிடமே பொய் சொல்லிக்கொண்டு போனேன். அவள் அம்மா என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள், அதை நான் குறை சொல்ல முடியாது. தமிழரசி அரியலூர் காலேஜில் கணக்குப் படிக்கிறாளாம், அது கூட எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு நாற்காலி எடுத்துப் போட்டாள். நீ சொன்னபடியே, உன் அப்பாவின் காதுதான்.

என்ன பேசுவது என்று தெரியாமல், "ஒங்க அண்ணன் சோளத்த வச்சு ஒன்னு சொன்னான், பாதில நிறுத்திட்டேன்" என்றேன். அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "எனக்கு அரிசிய வச்சுச் சொன்னாங்க, மேடம்" என்றாள். அப்புறம் சொன்னாள்: "ஒரு போட்டோல காணோம்னா ஒடனே முடிஞ்சு போச்சுன்னு எழுதக் கூடாது. அடுத்த போட்டோ, அதுக்கடுத்த போட்டோ வரைக்கும் அதே நம்பருங்க எங்கன்னு தேடணும். கெடச்சுதுன்னா, நடுவுல அந்த எடத்த வுட்டுட்டு கோடு போட்டுரலாம். அது பழைய ஆளுதான், புதுசா வந்ததில்லன்னு ஆயிரும்." இவ்வளவுதானா, தம்பி? இதையா நான் சோறு ஆறுகிறது என்று சொல்லித் தடுத்தேன்? அங்கேயே அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். உனக்கு என்ன வேண்டும் சொல், நிலமா, வீடா என்று கேட்டேன். "அதெல்லாம் வேணாம் மேடம். எங்கப்பா செத்துட்டாருன்னு எழுதுன ஒரு பேப்பர்ல எம் பேரும் இருக்கணும்" என்றாள்.

மறுநாளே பெரம்பலூர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்துவிட்டேன். தெரிந்தே மறைத்தேன், இரண்டு தடவை பொய் வாக்குமூலம் கொடுத்தேன், சான்றிதழைத் திருத்த வேண்டும் என்று முழுசாக எழுதினேன். அங்கே என்னோடு வேலை பார்த்த ஒருத்தி, "மேடம், இத எழுதிக் குடுத்தா ஒங்க மேலயே நடவடிக்கை வரும், யோசிச்சுக்கங்க" என்றாள். வரட்டும் என்றேன். நடவடிக்கை எனக்குப் பெரிதில்லை. வருகிற புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெரம்பலூரில் விசாரணை. அதில் ஒரு சிக்கல். ஏற்கனவே சான்றிதழில் இருக்கிற வாரிசுகள் எல்லோரும் வந்து ஒப்புதல் சொல்ல வேண்டுமாம். நான் சொல்லிவிடுவேன். இன்னொருவன் நீ. மனுவில் உன் முகவரிக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்த மாதிரிக் கட்டத்தில் நாங்கள் வழக்கமாக எழுதுவது 'இருப்பிடம் தெரியவில்லை' என்பதுதான். எழுதப் பேனாவை வைத்தேன், கை ஓடவில்லை. ஒரு பிள்ளையை அப்படி எழுதி வெட்டியது போதும்.

எனக்காக வராதே. நான் கேட்கத் தகுந்தவள் இல்லை. அவளுக்காக வா, நீ பேசினால்தான் அவள் பெயர் ஏறும். நீ என்னோடு பேச வேண்டாம், நான் வைக்கிற சோற்றைச் சாப்பிட வேண்டாம், அன்றைக்கே பஸ் ஏறிப் போய்விடு. ஆனால் இந்தப் பதினான்கு மாதத்தை நடுவில் விட்ட இடமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் போகிற வழியில் யோசித்துப் பார். முடியாது என்றாலும் நான் குறை சொல்ல மாட்டேன், என் தலையில் அடித்துக்கொள்வேன், அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால், நீ உள்ளே இருக்கும்வரை நான் வெளியே இருக்கிறேன். ஆபீஸ் வாசலில் ஒரு மரம் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதன் அடியில் நிற்கிறேன். நாலு மணி நேரம் ஆனாலும் நிற்பேன். அவள் பதினான்கு வயதில் நின்றாள்.

உனக்கு அம்மா.
அவள் சம்மதித்தால், அவளுக்குப் பெரியம்மா.